கடைசிச் சரணம்

கிட்டாரை எங்கே வைப்பது என்று தெரியாமல் குலசேகரம் முன்கூடத்தின் நடுவில் நின்றான். சோபாவை வெளியே தூக்கியாகிவிட்டது. டிவியை வேட்டியால் மூடியாகிவிட்டது. மேசையும் நாற்காலிகளும் பந்தலுக்குப் போய்விட்டன. கிட்டார் மட்டும் அவன் கையில் இருந்தது.

"குடுங்க சார், நான் வெளிய வச்சிடுறேன்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"மழை வரும்."

"வராதுலா. வெயில் கொளுத்துது."

அவன் கொடுக்கவில்லை. படுக்கையறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் அவள் படுக்கிற பக்கத்தில் கிடத்தினான். பார்க்கச் சகிக்கவில்லை. எடுத்து அலமாரி ஓரம் சாய்த்தான். அதற்குள் வாசலில் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை மாலை அவன் மனைவி அம்சவேணி கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டு பாட்டுக்கு நடுவே, "கொஞ்சம் தண்ணி குடுங்க," என்று மைக்கிலேயே கேட்டாளாம். கூட்டம் சிரித்ததாம். தண்ணீர் வருவதற்குள் மேடையில் உட்கார்ந்துவிட்டாள். புதன்கிழமை மதியம் ஆஸ்பத்திரியில் இறந்தாள். வயது முப்பத்திரண்டு. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். அந்தக் கோளாறு பிறந்ததிலிருந்தே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை என்றும் சொன்னார். குலசேகரம் கணக்கு வாத்தியார். வகுப்பில் ஒன்றுக்கு மூன்று கேள்வி கேட்கிறவன். டாக்டரிடம் ஒன்றும் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்தான்.

இன்று வியாழன். இரண்டு மணிக்கு எடுக்க வேண்டும்.

பெட்டியை இறக்கிக் கூடத்தில் வைத்து மூடியைத் திறந்தார்கள். பினாங்கில், டத்தோ கிராமாட்டின் அந்த வரிசை வீடுகளில் இருந்த எல்லோரும் வந்திருந்தார்கள். அவனுடைய அம்மா கனகேஸ்வரி தலைமாட்டில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அழவில்லை. மருமகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். குலசேகரத்துக்கு அது வியப்பாக இருந்தது. ஏழு வருஷமாக அம்மா அவளை "பாட்டுக்காரி" என்றுதான் சொல்வாள். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் ரயில்வே கேட் காவல்காரன் மகளைக் கொண்டுவந்து சேர்த்ததற்கு அம்மா கல்யாணத்தன்று மாலை வரை வாய் திறக்கவில்லை. இரண்டு பெண்களும் ஒரே சமையலறையில் ஆளுக்கொரு பக்கமாக நின்று வேலை செய்வதைத்தான் அவன் பார்த்திருக்கிறான்.

பதினோரு மணிக்கு அம்சவேணியின் அண்ணன் ராமதாஸ் பாரிட் புந்தாரிலிருந்து டாக்சியில் வந்து இறங்கினார். கையில் பிறந்த வீட்டுக் கோடி. பச்சைப் புடவை. அதைப் பெட்டிக்குள் போர்த்திவிட்டு வெளியே வந்து பந்தலில் குலசேகரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுது முடித்ததும் பேச ஆரம்பித்தார்.

"எங்கப்பா கேட்ட மூடுவாருங்க மாப்ள. ரெண்டு பக்கமும் சைக்கிளு, லாரி, மாட்டு வண்டி எல்லாம் நிக்கும். இவ போயி கேட்டு கம்பி மேல ஏறி உக்காந்துகிட்டு பாடுவா. ஏழு வயசு. நிக்கிறவன் எங்க போவான்? கேட்டுத்தானே ஆவணும்?"

"சொல்லியிருக்கா."

"ரயிலு லேட்டுன்னா அவளுக்குக் கொண்டாட்டம். ஒரு நாளு ரயிலு போயிருச்சி, அப்பா தெறக்கப் போறாரு, இவ கம்பியப் புடிச்சிகிட்டு எறங்க மாட்டேங்கிறா. 'இன்னும் ஒரு அடி இருக்குப்பா'ங்கறா. ஒரு சீனன் லாரியில இருந்து எறங்கி வந்து, சரிலா, பாடி முடிக்கட்டும்னுட்டான்." ராமதாஸ் சிரிக்கத் தொடங்கி முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார்.

அந்தக் கேட்டிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று அவளும் சொல்வாள். பதினேழு வயதில் ஓர் இசைக்குழுவில் சேர்ந்து கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு பாடினாள். குழுவின் கிட்டார்காரரிடம் தந்தியில் நாலு விரல் வைக்கக் கற்றுக்கொண்டாள். இரண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவில் தன் பாட்டு ஒன்றைச் சொருகிவிடுவாள். சபையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. குலசேகரம் அவளை முதலில் பார்த்தது அப்படித்தான், ஒரு நண்பன் கல்யாணத்தில். சாப்பிட்டு முடித்து மேடை ஓரம் போய், "அந்த மூணாவது பாட்டு எந்தப் படம்?" என்று கேட்டான்.

"இன்னும் படம் எடுக்கல சார். நீங்க எடுக்கறீங்களா?"

கோலாலம்பூரில் ஒரு ரெக்கார்டு கம்பெனிக்குப் பாடிக் காட்டப் போனாள். குரல் நன்றாயிருக்கிறது, வார்த்தைகள்தான் பாசாரில் மீன் விற்கிற பேச்சு மாதிரி இருக்கின்றன என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்தவள், "அவங்க சொன்னது சரிதாங்க. அப்ப பாசார்லயே வித்துக்கறேன்," என்றாள். பினாங்கு ஸ்திரீட்டில் கேசட் கடை வைத்திருக்கும் கமாலைப் போய்ப் பார்த்தாள். கடையின் பின்னறைச் சுவரெல்லாம் முட்டை அட்டையை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பதிவு செய்தார்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் மேசை போட்டு அவளே விற்றாள். இந்த எட்டு வருஷத்தில் நாலு கேசட். மீன் வெட்டுகிறவளைப் பற்றி, பயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பஸ்ஸைப் பற்றி, சம்பள நாளில் காணாமல் போகும் புருஷனைப் பற்றி. லாரிக்காரர்களும் தொழிற்சாலைப் பெண்களும் வாங்கினார்கள். ஐந்தாவது வருகிற ஞாயிற்றுக்கிழமை வெளிவர வேண்டும்.

பன்னிரண்டரைக்கு அந்தப் பெண்கள் வந்தார்கள். நீலச் சட்டை, கழுத்தில் தொங்கும் அட்டை. முப்பது பேராவது இருக்கும். தொழிற்சாலை பஸ் தெருமுனையில் நின்றது. மூன்று மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள், ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பி வந்திருக்கிறார்கள். அவர்களில் மூத்தவளான வடிவு குலசேகரத்திடம் வந்து கும்பிட்டாள்.

"நாங்க எல்லாம் அம்சாக்கா ஆளுங்க சார்."

அவன் தலையாட்டினான்.

சடங்கு செய்ய வந்திருந்த பண்டாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவாரம் பாடுகிறவர் பட்டர்வொர்த்திலிருந்து வர வேண்டும், இன்னும் காணவில்லை. "இப்படி சும்மா இருக்கக் கூடாது. யாராச்சும் ரெண்டு வரி பாடுங்கம்மா," என்றார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வடிவு குலசேகரத்தைப் பார்த்தாள். "எங்களுக்கு சாமி பாட்டெல்லாம் முழுசா வராது சார். அக்கா பாட்டு ஒண்ணு பாடட்டா?"

"பாடுங்க."

பஸ் பாட்டைத்தான் பாடுவார்கள் என்று நினைத்தான். அவன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். வடிவு மெல்ல ஆரம்பித்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

*வேலைக்குப் போறாரு அப்பா – வெள்ளச் சட்ட கசங்கல*
*அக்கரையும் இக்கரையும் ஆறு தடவ – அவரு மட்டும் எறங்கல*

அவனுக்கு முதலில் புரியவில்லை. புதுப் பாட்டு என்றுதான் தோன்றியது. மெட்டு நன்றாயிருந்தது. படகு அசைவது போலப் போய்ப் போய் வந்தது.

*சப்பாத்தக் கழட்டி வச்சாரு – சாப்பாட்டத் தெறந்தாரு*
*காத்துல மூடி பறக்காம – காலால மிதிச்சாரு*

குலசேகரம் நிலையை விட்டு நிமிர்ந்தான்.

*யாருடா அது, உங்கப்பாவா? – கூட்டாளி கேட்டான்*
*இல்லடான்னு சொன்ன மகன் –*

"நிறுத்துங்க."

யாருக்கும் கேட்கவில்லை. அவன் கூடத்துக்குள் இரண்டு அடி வைத்தான்.

"போதும். நிறுத்துங்கன்னு சொல்றேன்ல."

வகுப்பறைக் குரல். பாட்டு பாதியில் நின்றது. பின்னால் நின்ற ஒரு பெண் மட்டும் தெரியாமல் இரண்டு சொல் கூடப் பாடிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பாவம், தாங்க முடியவில்லை என்று யாரோ சொன்னார்கள். அம்மா முக்காலியில் உட்கார்ந்தபடியே அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் வெளியே போனான்.

படகில் அது நடந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிப் பந்தாட்டக் குழுவோடு பட்டர்வொர்த்துக்கு விளையாடப் போனான். காலை பத்து மணிப் படகு. மேல்தளத்து பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் கப்பல் கம்பெனி ஆபீசில் இருக்க வேண்டும். காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். மடியில் அம்மா கட்டிக்கொடுத்த சோறு. டப்பா மூடி காற்றில் போய்விடாமல் ஒரு காலால் மிதித்துக்கொண்டு, கடலைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டைப் பத்து மணிக்கே. வேலை போய் நாலு மாதமாகியிருந்தது, அவனுக்கு அப்போது தெரியாது. படகு கரை சேர்ந்தாலும் அவர் இறங்குவதில்லை, திரும்பிப் போய்த் திரும்பி வருவார். அவனைக் கண்டதும் அவர் கை பாதி உயர்ந்தது, சோற்றுக் கையோடு. கூட வந்த பையன் கேட்டான், அது உங்க அப்பாவா என்று. இல்லை என்றான். உரக்கத்தான் சொன்னான். அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று சொன்ன மாதிரி.

இரண்டு மாதத்தில் அப்பா நெஞ்சு வலியில் போய்விட்டார். அதைப் பற்றி ஒருவரும் ஒருவரிடமும் பேசவில்லை.

இருபத்து நாலு வருஷத்தில் குலசேகரம் அதை ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னான். கல்யாணமான வருஷம், பினாங்குப் பாலம் கட்டி முடியாத காலம். படகின் கீழ்த்தளத்தில், காருக்குள், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு. ஏன் மேலே போய்க் காற்று வாங்க வர மாட்டேன் என்கிறீர்கள் என்று அவள் விடாமல் கேட்டதால். கரை வருவதற்குள் சொல்லி முடித்தான். சப்பாத்து, மூடி, கை எல்லாம். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் யார்கிட்டங்க சொல்லப்போறேன்."

இப்போது முப்பது பேருக்குத் தெரியும். ராகத்தோடு தெரியும்.

பந்தல் ஓரத்தில் கமால் நின்றுகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் ஒல்லியான மனிதர். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, உள்ளே போகலாமா என்று தயங்கி நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"பாய், அந்தப் பாட்டு எப்ப பதிவாச்சு?"

"எந்தப் பாட்டு சார்? ஃபெர்ரி பாட்டா? போன மாசம். பி பக்கத்துல கடைசி." அவன் முகத்தைப் பார்த்துக் கமால் குரலைத் தாழ்த்தினார். "ஏன் சார்?"

"இவங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?"

"ஃபேக்டரி டின்னர்ல பாடினாங்கள்ல. அதுக்கப்புறம் இந்தப் பிள்ளைங்க என்னை விடல. கேசட் எப்ப, கேசட் எப்பன்னு டெய்லி கடைக்கு வந்து நிக்கிதுங்க."

"என்னைக் கேக்கணும்னு அவளுக்குத் தோணலையா?"

கமால் விழித்தார். "கேட்டாங்களே சார். கேட்டுட்டேன், சார் சரின்னுட்டாருன்னு சொன்னாங்க. அதுக்கப்புறந்தான நான் மிஷினையே போட்டேன்."

பொய் என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் ஞாபகம் வந்தது. அவன் மேசையில் ஐந்தாம் படிவத்து விடைத்தாள்கள். அவள் கிட்டாரோடு வந்து கதவருகில் நின்றாள்.

"ஒரு பாட்டு இருக்குங்க. நீங்க கேட்டுட்டு சரின்னு சொன்னாத்தான் போடுவேன்."

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும்."

"இல்ல, இது கேக்கணும்."

"கேசட் வரட்டும் அம்சா. முழுசா கேக்கறேன்." தாளிலிருந்து சிவப்புப் பேனாவை எடுக்காமல்தான் சொன்னான். அவளைப் புகழ்ந்ததாகத்தான் அப்போது நினைப்பு.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு, "அப்ப சரி," என்றாள்.

அப்ப சரி. அதை வைத்துக்கொண்டு போய்விட்டாள். எதற்குத் தலையாட்டுகிறான் என்று அவனுக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் போனாள்.

"மாஸ்டர் எங்க பாய்?"

கமால் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். "அதுக்குத்தான் வந்தேன். அவங்க கையெழுத்துப் போட்ட மாஸ்டர். உள்ள வைக்கணும்னா வைங்க, வீட்டுல இருக்கட்டும்னா இருக்கட்டும். உங்ககிட்டதான் குடுக்கணும்."

"காப்பி?"

"முந்நூறு. கடையில கட்டி வச்சிருக்கேன்."

"ஒண்ணும் வெளிய போகக் கூடாது."

கமால் காலிப் பையைச் சுருட்டினார். "சரி சார்," என்றார். "உங்க வீட்டு விஷயம். நீங்க சொன்னா சரி." பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ஆனா இன்னும் ஒரு சரணம் இருக்கு சார். அந்தப் பிள்ளைங்க முடிக்கல."

குலசேகரம் கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். நெருப்புக்குள் போனால் எதுவும் மிஞ்சாது. மூடி போடும்போது அவள் கையடியில் வைத்துவிடலாம். பார்க்கிறவர்கள் அன்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

வாய்க்கரிசிக்குத் தட்டு தயாராக இருந்தது. பண்டாரம் அவனைக் கூப்பிட்டார். "புருஷன் மொதல்ல போடுங்க. மூணு தடவ."

அவன் அரிசியை அள்ளிக் குனிந்தான். அம்சவேணியின் வாய் சற்றே திறந்திருந்தது. எதையோ சொல்லத் தொடங்கியவள் மாதிரி. மேல் உதட்டில் அந்தச் சின்னத் தழும்பு, கேட் கம்பியிலிருந்து விழுந்தது. இந்த வாய்தான். கை அந்தரத்தில் நின்றது. விரலிடுக்கில் அரிசி நழுவிப் பச்சைப் புடவையில் கொட்டியது.

"மத்தவங்க போடட்டும்," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனான்.

பின்னாலேயே அம்மா வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"ஏன்டா அந்தப் பிள்ளையளை நிப்பாட்டினனீ?"

"அம்மா, இப்ப வேண்டாம்."

"கடைசி அடி பாடேல்லை. பாதியிலை விட்டால் அது வேறை பாட்டு."

அவன் திரும்பினான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்தக் குசினிக்கை இருந்துதானே அவள் கட்டினவள். நீ பள்ளிக்கூடம் போனாப் பிறகு. நான் வெங்காயம் உரிப்பன், அவள் பாடிப் பாடிப் பார்ப்பாள்." அம்மா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சரியா வரேல்லையெண்டால் என்னைத்தான் கேப்பாள். மாமா உப்பிடிச் சொல்லியிருப்பாரோ எண்டு."

"அவ உங்ககிட்ட சொன்னாளா? நான் படகுல பாத்தத?"

"அவள் என்னத்தைச் சொல்லுறது? எனக்குத் தெரியும்தானே."

குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் போய் இறுக மூடினான்.

"அண்டைக்கு இரவே கொப்பா சொன்னவர். வேலை போன கதையையும் அண்டைக்குத்தான் எனக்குச் சொன்னது. தம்பி என்னைக் கண்டவன், கூட வந்தவன் கேட்டவன், இல்லையெண்டிட்டான் எண்டு. நான் அழப் போனன். அவர் சிரிச்சவர். என்ரை பிள்ளை என்னைக் காட்டிக் குடுக்கேல்லை எண்டு சொன்னவர். நாலைஞ்சு பெடியளுக்கு முன்னாலை மானத்தைக் காப்பாத்திப் போட்டான் எண்டு சொல்லிப்போட்டு, நாலு மாசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் நித்திரை கொண்டவர்."

குலசேகரம் குழாயிலிருந்து கையை எடுத்தான்.

"இருபத்து நாலு வருஷம்."

அம்மா அடுப்பு மேடையைக் கையால் துடைத்தாள்.

"ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல? ஒரே ஒரு தடவ?"

"நீ கேக்கேல்லை."

"அவ கேட்டாளா?"

"கேட்டவள். வந்து இருந்து, கையைப் பிடிச்சுக்கொண்டு, மாமா எப்பிடிப்பட்ட ஆள் எண்டு கேட்டவள். இந்த வீட்டிலை அவரைப் பற்றி ஒருத்தரும் என்னட்டை கேட்டதில்லை." அம்மாவின் குரல் அங்கே உடைந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பழைய குரலில் சொன்னாள். "சப்பாத்துக் கதை அவள்தான் எனக்குச் சொன்னது. அது எனக்குத் தெரியாது. மூடிக் கதையும்."

ஆக, சொல்லியிருக்கிறாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை. அவன் கொடுத்ததை அம்மாவிடமும், அம்மா கொடுத்ததைத் தொழிற்சாலைப் பெண்களிடமும் கொடுத்திருக்கிறாள். அவனிடம் மட்டும் கதவருகில் நின்றுவிட்டுப் போயிருக்கிறாள். இந்தச் சமையலறையில் மத்தியானம் மத்தியானமாக இரண்டு பேரும் அவன் அப்பாவை உட்கார வைத்துப் பேசியிருக்கிறார்கள். அவன் சாயங்காலம் வந்து, இருவரும் முகம் பார்த்துப் பேசுவதில்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறான்.

"எல்லாரும் சேந்து என்னை…" என்று தொடங்கினான்.

"வா," என்றாள் அம்மா. "அரிசி போடாமல் அனுப்பேலாது."

கூடத்தில் வரிசை முடிந்திருந்தது. பண்டாரம் தட்டை நீட்டினார். குலசேகரம் அள்ளினான். முதல் பிடி. இரண்டாவது. மூன்றாவதை வைக்கும்போது விரல் அவள் உதட்டுத் தழும்பில் பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது. அதன் பிறகு அம்மா போட்டாள். போட்டுவிட்டுக் குனிந்து மருமகளின் காதருகே ஏதோ சொன்னாள். அது அவனுக்குக் கேட்கவில்லை. அதுவும் அவர்களுக்குள்.

"வேற ஏதாச்சும் உள்ள வைக்கணுமா சார்?" பண்டாரம் மூடியைத் தூக்கிக்கொண்டு கேட்டார்.

குலசேகரத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. கேசட்டின் விளிம்பு விரலில் தட்டுப்பட்டது. ராமதாஸ் அழுதார். பண்டாரம் காத்திருந்தார்.

அவன் கையில் எடுத்துவிட்டான். பச்சைப் புடவைக்கு மேலே ஒரு கணம் பிடித்திருந்தான். லேபிளில் அவள் கையெழுத்து, பி பக்கத்தின் கடைசி வரியில் ஒரே சொல்: 'மாமா'. அவள் ஒருநாளும் பார்த்திராத மனிதர்.

"பிறகு பாத்துக்கலாம்," என்றான். தகனத்துக்கு முன்னால் இன்னொரு முறை திறப்பார்கள். கேசட் திரும்பவும் பைக்குள் போனது.

சரியாக இரண்டு மணிக்கு வேன் கிளம்பியது. குலசேகரம் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னால் ராமதாஸும் நாலு ஆண்களும் பெட்டியும். வெயில் கண்ணைக் குத்தியது. பத்து லஞ்சாங் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் முதல் சிக்னலிலேயே சிவப்பு விழுந்தது. டிரைவர் நிறுத்தினார்.

இடப்பக்கம் தொழிற்சாலை பஸ் வந்து நின்றது. ஜன்னல்களில் நீலச் சட்டைகள். பெட்டி வைத்த வேனைக் கண்டதும் பஸ்ஸுக்குள் பேச்சு அடங்கியது. வடிவு முன் ஜன்னலில் இருந்தாள். குலசேகரத்தைப் பார்த்தாள், பிறகு வேனின் பின்பக்கத்தைப் பார்த்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

*இல்லடான்னு சொன்ன மகன் – எறங்கி ஓடிப் போனான்*

விட்ட இடத்திலிருந்தே எடுத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இந்த முறை தாழ்ந்த குரலில் இல்லை.

"பெரிய சிக்னல் சார் இது," என்றார் டிரைவர், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. "லேசுல விட மாட்டான். கண்ணாடிய ஏத்திக்கங்க."

குலசேகரம் கண்ணாடியை ஏற்றவில்லை. பஸ்ஸுக்கும் வேனுக்கும் நடுவில் கமாலின் மோட்டார் சைக்கிள் நுழைந்து நின்றது. கமால் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரை அதட்டுவது என்று தெரியவில்லை. அந்தப் பெண்கள் வாயை அவர் எப்படி அடைப்பார்? காலை ஊன்றியபடி தரையைப் பார்த்துக்கொண்டார்.

*காதுல விழுந்துச்சு அவருக்கு – வீட்டுல வந்து சொன்னாரு*
*காட்டிக் குடுக்கல எம்மவன்னு –*

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. பஸ் உறுமிக்கொண்டு நேரே போனது, மிச்சப் பாதி வரியையும் கூட்டிக்கொண்டு. வேன் திரும்ப வேண்டும். டிரைவர் கியரைத் தள்ளினார்.

"ஒரு நிமிஷம்," என்றான் குலசேகரம்.

லாரிக்காரன் மறுபடி அடித்தான். குலசேகரம் பையிலிருந்து கேசட்டை எடுத்து ஜன்னல் வழியே நீட்டினான். கமால் புரியாமல் பார்த்தார்.

"இது உள்ள போக வேண்டாம்."

"அப்ப ஞாயித்துக்கெழம சார்…?"

"வரட்டும். நான் இன்னும் முழுசா கேக்கல," என்றான் குலசேகரம்.

கமால் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். லேபிளின் மேல் ஓர் அரிசி ஒட்டியிருந்தது. அவர் அதைத் தட்டிவிடாமல், அப்படியே சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.